ஆறாவது பேர்

அத்தியாயம் 14

வேலை உத்தரவு வந்து பத்து நாள் ஆகிறது. பாத்திமா மேரி அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாதா படத்துக்குக் கீழே, போன வருஷத்துக் குருத்தோலை செருகியிருந்த ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டுமே! மகன் லியோ ஏழு வருஷமாக சிப்காட்டில் கான்ட்ராக்ட் ஆளாகத் தேய்ந்தவன். அதே சிப்காட்டில் இப்போது ஒரு பெரிய கம்பெனியில் பெர்மனென்ட். அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

கவரின் மேல் 'தம்பி லியோ வேலை' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியது அக்கா நித்யா மேரி. 'யோ'வின் கொம்பைப் பெரிதாகச் சுழித்து விடுவது அவள் பழக்கம். பாலிடெக்னிக்கில் லியோவின் ரெக்கார்டு நோட்டு முழுக்க அந்தக் கையெழுத்துதான். படம் மட்டும் அவன் போடுவான், மிச்சத்தை எல்லாம் அக்கா எழுதிக் கொடுப்பாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தது ஒரு போன்.

"லியோ சந்தியாகு சாருங்களா? நான் சிந்துஜா, சென்னையிலேருந்து பேசுறேன். உங்க கம்பெனிக்காக பேக்ரவுண்ட் செக் பண்றது நாங்கதான்."

"சொல்லுங்க மேடம்."

"படிப்பு, அட்ரஸ், பழைய வேலை எல்லாம் கிரீன் சார். கோர்ட் செக்ல மட்டும் ஒண்ணு வந்திருக்கு. கடலூர் கோர்ட்டு. சாலை மறியல், பஸ் கண்ணாடி உடைச்சது. நீங்க குற்றத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டியிருக்கீங்க. ஆனா ஃபாரத்துல, தண்டனை வாங்கியிருக்கீங்களான்னு கேட்ட எடத்துல 'இல்லை'ன்னு டிக் பண்ணியிருக்கீங்க."

"அது முடிஞ்சிபோன கேஸு மேடம்."

"முடிஞ்சதுதான் சார் பிரச்சனையே. நடந்துக்கிட்டு இருந்தா அதுக்கு வேற கட்டம். நீங்க ஒத்துக்கிட்டு முடிச்சதால அது தண்டனை."

"இப்ப நான் இன்னா பண்ணணும் மேடம்?"

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு ரிப்போர்ட்ட மூடுறோம் சார். அதுக்குள்ள ஒரு விளக்கமும், அதுக்கு ஆதாரமும் மெயில்ல அனுப்பிட்டீங்கன்னா ஆம்பர்னு போட்டு, முடிவ கம்பெனி ஹெச்.ஆர். கையில விட்டுடுவேன். வெறும் மன்னிப்புக் கடிதம் பத்தாது. ஆதாரம் இல்லன்னா ரெட். ரெட் விழுந்தா ஆர்டர் கேன்சல் ஆயிடும்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்த கம்பெனிக்குப் போனாலும் இதே கேள்விதான் சார் வரும். எதுனா இருந்தா தேடிப் பாருங்க."

சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஃபாரத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது லியோவின் கை ஒரு நிமிஷம் நின்றது. நின்றுவிட்டு 'இல்லை'க்குப் போனது. ஏழு வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களுக்கான இரண்டாவது கேட் வழியாகவே நுழைந்தவன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்சியவன் வேறு எதை டிக் பண்ணுவான்? போன வாரம் கான்ட்ராக்டரிடமும் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் இடத்துக்கு மறுநாளே திட்டக்குடிப் பையன் ஒருவன் வந்தாயிற்று. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

அந்தக் கேஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், இவர்கள் தெருமுனையில் லாரி ஒன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அடித்துவிட்டுப் போனது. தெருவே ரோட்டில் உட்கார்ந்தது. கூட்டத்திலிருந்து பறந்த கல் ஒன்று பஸ் கண்ணாடியை நொறுக்கியது. இன்ஸ்பெக்டர் வந்தார். "கண்ணாடிக்கு ஆறு பேரு வேணும். நீங்களே பேரு குடுத்தா நாங்க வூடு வூடா ஏற மாட்டோம்" என்றார். அடித்தவன் யார் என்று அவரும் கேட்கவில்லை, தெருவும் சொல்லவில்லை. எங்கும் நடக்கிற வழக்கம்தான்.

கோயில் பக்கத்து ஹாலில் தெரு கூடியது. விசா வந்தவனை விடு, பரீட்சை எழுதுகிறவனை விடு, கல்யாணம் வைத்திருக்கிறவனை விடு என்று கழித்துக் கழித்து ஐந்து பேர் தேறினார்கள். ஆறாவது பேர் லியோ. அவன் அன்றைக்குச் சிதம்பரம் பாலிடெக்னிக்கில் லேத் பிராக்டிகல் பரீட்சையில் இருந்தான். அதுதான் விசேஷமே! 'ஊர்லயே இல்லாதவன் பேரு ஒண்ணு உள்ள இருந்தா கேஸு மொத்தமும் நிக்காது.' இப்படி ஒரு மகா யோசனை. கேஸ் ஆறு வருஷம் நின்றது.

அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட தெருத் தலைவர் வேறு யாருமில்லை, லியோவைப் பெற்ற சந்தியாகுதான்.

"நான்தான் குடுத்தேன்" என்று அவர் ஒத்துக்கொண்ட நாளிலிருந்து அப்பாவும் பிள்ளையும் சாவி, கரெண்ட் பில், தண்ணி மோட்டார் தாண்டிப் பேசியதில்லை. வாய்தா வாய்தாவாக ஷிஃப்டை இழந்து லியோ அலுத்துப் போனபோது, வக்கீல் குமாஸ்தா பழனிவேல்தான் சொன்னார்: "ஒத்துக்க தம்பி, இன்னியோட விட்டுது." ஒத்துக்கொண்டான். ஃபைன் கட்டினான். கோர்ட் கலைகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்கள், உட்கார்ந்தான். ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு பொழுதுதான் தண்டனை, அது சாயந்தரத்தோடு தீர்ந்தது என்று நம்பியிருந்தான்.

போனை வைத்துவிட்டு லியோ விஷயத்தைச் சொன்னதும் பாத்திமா மேரி ஆணியையே பார்த்தாள்.

"யேசுவே! இப்ப இன்னாடா பண்றது?"

பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு அப்படியே வந்திருந்த நித்யா மேரிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் வாழ்க்கைப்பட்டது இரண்டு தெரு தள்ளித்தான். கணவன் ஜெபஸ்டினுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் லைன்மேன் வேலை கிடைத்தது.

"தெரியாம டிக் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதிப் போடுடா தம்பி" என்றாள் அவசரமாக.

"ஆதாரம் கேக்குறாங்கக்கா."

"பழனிவேலுகிட்ட பழைய கேஸு கட்டு இருக்குமே!" என்றாள் அம்மா. "அந்தாளு இப்ப சிதம்பரத்துல பொண்ணு வூட்லதான இருக்காரு? நீ அன்னிக்கி ஊர்லயே இல்லன்னு அதுல எதுனா இருக்கும்."

"அந்தக் குப்பைய எதுக்கும்மா கெளறணும்?" நித்யாவின் குரல் கிரீச்சிட்டது. "எட்டு வருஷம் ஆச்சு! எலி தின்னிருக்கும்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சந்தியாகு எழுந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மகன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நானும் வரட்டுமா?"

"நீங்க செஞ்சதே போதும்" என்றான் லியோ. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

சிதம்பரம் பஸ் சிப்காட்டைக் கடக்கும்போது ஜன்னலை மூடுவது கடலூர்க்காரர்களுக்குப் பழக்கம். லியோ மூடவில்லை. அந்த ரசாயன நாற்றத்திலேயே ஏழு வருஷம் நின்றவன். முதல் கேட்டில் நீல அட்டை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகிறவர்களைத் தலையை நீட்டிப் பார்த்தான். ஒன்றாம் தேதியிலிருந்து அந்தக் கேட்டில் நுழைய வேண்டியவன்.

முதலில் பாலிடெக்னிக் ஆபீஸுக்குப் போனான். பரீட்சை அன்றைய வருகைப் பதிவின் நகல் கிடைத்தால் போதும். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எட்டு வருஷத்து ரெஜிஸ்டரா? அதெல்லாம் பழைய பில்டிங்ல போட்டுப் பூட்டியிருக்கு. சாவி வெச்சிருக்கிறவரு லீவு. திங்கக்கெழமை வாங்க."

"இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள வேணும் மேடம். என் பொழப்பே..."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லிக்கிட்டு வராங்க."

வரிசையில் காத்து நின்று இதைக் கேட்கவே மணி ஒன்றரை. அங்கிருந்து பழனிவேலின் மகள் மாலதி வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் சந்து. பழனிவேல் பனியனோடு உட்கார்ந்து யாருக்கோ பட்டா மாற்றத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"யாரு, சந்தியாகு புள்ளையா? வா தம்பி, வா. வக்கீல் சார் போயிச் சேந்துட்டாரு. கேஸு கட்டெல்லாம் நான்தான் தூக்கியாந்தேன், கடைக்கிப் போட மனசு வரல."

"ஒத்துக்கிட்டா இன்னியோட விட்டுதுன்னு சொன்னீங்களே!" லியோவுக்கு அடக்க முடியவில்லை. "விட்டுதா? இப்ப வேல போவுது!"

பழனிவேல் பேனாவை மூடினார். "அந்தக் காலத்துல அத யாரு பாத்தா? ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயி, ஊர்ல எவ்ளோ பேரு நல்லாத்தான் இருக்கான். இப்ப எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்திப்புட்டான். பேரத் தட்டுனா வந்து நிக்குது. நான் இன்னா பண்ண?" அவர் மனசறிந்து கெடுக்கவில்லை என்பது லியோவுக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

பரண்மேல் கிடந்த சாக்கிலிருந்து கட்டு வந்தது. தூசி தட்டிப் பிரித்தார். எஃப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் மனு, வாய்தா குறித்த அட்டை. ஜாமீன் மனுவுக்குள் நாலாக மடித்த ஒரு ரூல்டு பேப்பர் இருந்தது.

"அட, இதப் பாரு! ஸ்டேஷனுக்கு நல்லதா ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க. இது அதுக்கு மின்னாடி எழுதுனது. மனுவுல பேரு ஏத்தணும்னு நான்தான் வாங்கியாந்தேன். தெருவுல கூடி முடிவு பண்ண தேதி, பேரு எல்லாம் இருக்கு. லியோ ஊர்ல இல்லன்னும் ஓரத்துல குறிச்சிருக்கு பாரு. இதவிட ஆதாரம் ஒனக்கு வேற இன்னா வேணும்?"

லியோ பறித்துக்கொள்ளாத குறையாக வாங்கினான்.

தாளின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை. கீழே தேதி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதாக எழுதியிருந்த பேரின் மேல் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது. அடித்தும் நன்றாகப் படிக்க முடிந்தது. ஜெபஸ்டின்.

அதற்குப் பக்கத்தில் லியோ. அடைப்புக்குறிக்குள் 'சிதம்பரத்தில் பரீட்சை, ஊரில் இல்லை'.

'யோ'வின் கொம்பு பெரிதாகச் சுழித்திருந்தது.

ரெக்கார்டு நோட்டில் ஆயிரம் தடவை பார்த்த சுழி. இன்று காலையில்கூட ஆணியில் பார்த்த சுழி.

"ஒங்க மாமன் பேருதான் மொதல்ல இருந்திச்சு போல" என்றார் பழனிவேல் எட்டிப் பார்த்து. "ஞாயம்தான? கல்லு வுட்டது அவருதான்னு தெருவுக்கே தெரியுமே." லியோவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒனக்குத் தெரியாதா தம்பி? நீ ஆஸ்டல்ல இருந்தல்ல..."

மேலவீதியில் ஜெராக்ஸ், பிரௌசிங் என்று போர்டு வைத்திருந்த கடையில் லியோ நுழைந்தபோது மணி நாலு இருபது. தாளை ஸ்கேன் பண்ணச் சொன்னான். விளக்கத்தை அவனே தட்டினான். சம்பவ நாளில் நான் ஊரிலேயே இல்லை, என் பெயரைத் தெருவில் கூடிச் சேர்த்தார்கள், ஆதாரம் இணைத்துள்ளேன். எழுதி முடித்துவிட்டு அனுப்புகிற பட்டனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அனுப்பினால் ஜெபஸ்டின் பேர் வெளியே போகும். வேலைக்குச் சேரும்போது மாமாவுக்கும் போலீஸ் விசாரணை வந்தது, மாசு மருவில்லாமல் பாஸானது. ஆகாமல் என்ன? அழுக்கு முழுக்க மச்சான் லியோ தலையில் இருந்ததே! அனுப்பாவிட்டால் ஜன்மத்துக்கும் ரெட். அக்காவின் பிள்ளை பெனிட்டா 'மாமா மாமா' என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். அவள் முகம் வேறு கண்ணுக்குள் வந்து நின்று தொலைத்தது.

போன் அடித்தது. அக்கா.

"கட்டு கெடச்சிதாடா?"

"கெடச்சிது."

"அதுல..." நித்யா இழுத்தாள். "பேரு எழுதுன காயிதம் எதுனா இருந்தா அனுப்பாதடா. ஒங்க மாமா வேலைக்கிப் போயி மூணு வருஷந்தான் ஆவுது. மன்னிப்பு மட்டும் எழுதுடா, நான் ஒனக்கு வேற..."

"காயிதம்னு நான் சொல்லவேயில்லியேக்கா."

லியோ தாளை எடுத்து அந்தச் சுழியை மறுபடி பார்த்தான்.

"எட்டு வருஷமா அப்பாவ நான் மனுஷனாவே மதிக்கல. பக்கத்துல ஒக்காந்து சாப்டது இல்ல. நீ பாத்துக்கிட்டே இருந்தீல்ல?"

"தம்பி, நான் சொல்றதக் கேளுடா..."

அவன் கட் பண்ணினான். நாலு நாற்பத்தேழுக்குப் பட்டனை அழுத்தினான். அழுத்தியதும் நெஞ்சு லேசானது, அப்பாடா என்று இருந்தது. எவன் எக்கேடு கெட்டால் என்ன என்றுகூட இருந்தது. அந்த நிம்மதி ஐந்து நிமிஷம்தான்.

மறுபடி போன். அப்பா! எட்டு வருஷத்தில் அவர் நம்பரிலிருந்து அழைப்பு வந்ததே இல்லை.

"லியோ... நான் ஒங் கம்பெனிக்கு வந்திருக்கம்ப்பா."

"கம்பெனிக்கா? எதுக்கு?"

"ஹெச்.ஆர்.ல வெண்மதின்னு ஒரு அம்மா. ரெண்டு மணியிலேருந்து கேட்டுலயே நின்னேன், இப்பதான் உள்ள வுட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். ஆனால் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "எம்புள்ள ஊர்லயே இல்ல, பேரு எழுதுனது நான், எல்லாம் எங்கையால எழுதுனதுன்னு சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அந்தம்மா நல்ல மாதிரிப்பா. பெத்தவரே வந்து சொல்றீங்க, நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க!"

லியோ திரையில், தான் அனுப்பிவிட்ட மெயிலைப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. பழனிவேலுகிட்ட ரூல்டு பேப்பர்ல ஒரு காயிதம் இருக்கும். கெடச்சிதா?"

"கெடச்சிதுப்பா."

"அதக் கிழிச்சிப் போட்டுடு. அதுல அக்கா எழுத்து இருக்கும்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன். அவ அடிக்கிறதப் பாத்தேன், எழுதுறதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் சந்தியாகு. "அவ வயித்துல அப்ப ரெண்டு மாசம்ப்பா. அந்தப் பையன் உள்ள போயிட்டா அவ கதி இன்னா? ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். கேஸு நிக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒனக்கு நான் பண்ணது பாவம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்து அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையை, கேஸ் விழுந்த கையோடு அக்காவுக்கு மட்டும் ஒரே பூசையில் வாசித்து முடித்தார்கள். ஏன் இந்த அவசரம் என்று ஹாஸ்டலிலிருந்து வந்த லியோ அன்றைக்குக் கேட்டான். பேச்சை மாற்றிவிட்டார்கள்.

"கிழிப்பா. நீ கிழிக்கிறது எங்காதுல வுழணும். அப்பதான் எனக்கு நிம்மதி."

லியோ தாளை எடுத்தான். போனுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக இரண்டாகக் கிழித்தான். பிறகு நாலாக.

"ஆங்!" என்றார் சந்தியாகு. "வூட்டுக்கு வாப்பா. ஒங்கம்மாவ மீனு வாங்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணா சாப்டுவோம்."

அவனுக்கு முன்னால் திரையில் ஒரு பதில் வந்து விழுந்தது. சிந்துஜா. ஆவணம் கிடைத்தது, நன்றி. இதை உங்கள் கம்பெனி ஹெச்.ஆருக்கும் அனுப்பிவிட்டோம். பட்டியலில் அடித்து எழுதப்பட்டுள்ள ஜெபஸ்டின் என்பவரிடம் பேச வேண்டியிருக்கிறது, அவர் உங்களுக்கு உறவினரா?

"லியோ, லைன்ல இருக்கியாப்பா?"

"இருக்கம்ப்பா" என்றான். கிழித்த துண்டுகள் நாலும் அவன் கையில் இருந்தன.